வான்போர் வீரரும் வீழ்த்திய கணக்கும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில், இரு உலக மகாயுத்தங்களிலும் புகழ்பெற்ற சண்டை விமானிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இத்துறை பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. ஆதலால் எழுதியவருக்கும் இடமளித்த தங்களுக்கும் முதற்கண் என் நன்றி. ஆயினும், வீழ்த்திய விமானங்களின் தொகையை இறங்குவரிசையில் அடுக்கி, முதலிடம் பெற்றவரே தலைசிறந்தவர், அடுத்த இடம் பெற்றவர் அவருக்கு ஒருபடி குறைந்தவர் என்று பரீட்சைப் பெறுபேறு வெளியிடுவதுபோல அக்கட்டுரை அமைந்திருந்தமை எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. அவ்வாறு வரிசைப்படுத்தும்போது, அந்த விமானிகளை உண்மையில் மேம்படுத்தியது எது என்பது மறைந்துபோகிறது. அவர்களை ஆளாக்கியவர்களின் பெயர்களோ பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கின்றன, அல்லது இடம்பெறாமலே போகின்றன. தாம் கண்டறிந்த போர்முறையைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து, தம்முடன் பறந்த இளையவர்களை உயிரோடு தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்களையே நான் இத்துறையில் பெரியவர்களாக மதிக்கிறேன். அதற்கான காரணங்களை வாசகர் முன் வைப்பதற்கே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கட்டுரையாளர் முதலிடம் கொடுத்த ஜேர்மானியரான எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தினார் என்பது பதிவு. ஆனால் அவர் 1942 ஒக்ரோபரில் கிழக்குப் போர்முனைக்கு வந்ததிலிருந்து 1945 மே மாதம் வரை 1,404 தடவை போருக்குப் பறந்தவர். ஜேர்மன் விமானப்படை தன் விமானிகளைச் சாகும்வரை, அல்லது படுகாயமடையும்வரை, போர்முனையிலேயே வைத்திருந்தது. அமெரிக்கரும் பிரித்தானியரும் குறிப்பிட்ட காலத்தின் பின் அனுபவசாலிகளை விடுவித்து, புதியவர்களைப் பயிற்றும்படி அனுப்பினார்கள். 40 விமானங்களை வீழ்த்தி அமெரிக்கரில் முதலிடம் பெற்ற ரிச்சர்ட் பொங் அவ்வாறுதான் போர்முனையிலிருந்து திருப்பியனுப்பப்பட்டார். 352ஐயும் 40ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளை அளப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. போதாக்குறைக்கு, வான்போரில் எல்லாத் தரப்பினரது கணக்குகளும் ஊதிப் பெருத்தவையே. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பின்மீது நடந்த சண்டையையே எடுத்துக்கொள்வோம். அன்று யப்பானியர் இழந்தவை 7 விமானங்கள் எனப் பின்னர் தெரியவந்தது. பிரித்தானியத் தரப்பு அன்றைக்கு உரிமைகோரியதோ அதன் இருமடங்கிற்கும் மேல். யப்பானியரும் தம் பங்குக்குக் குறைவைக்கவில்லை. இது முழுவதும் பொய் சொல்லும் குணத்தால் வந்ததன்று. ஒரே விமானத்தை இருவர் மூவர் சுடுவதும், புகை கக்கிக்கொண்டு கீழே பாய்ந்தது விழுந்துவிட்டதென நம்புவதும் அந்தக் களேபரத்தில் இயல்பானவை.

சண்டை விமானியின் திறமை என்றதும் பலரும் கரணமடித்துப் பறக்கும் வித்தையையே நினைக்கிறார்கள். கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் வேறொன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மணிக்கு 540 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு செக்கனில் 150 மீற்றரைக் கடக்கிறது. 300 மீற்றர் தூரத்தில் அது குறுக்காகப் போகிறது என்றும், நமது துப்பாக்கியின் சன்னம் சராசரியாகச் செக்கனுக்கு 750 மீற்றர் வேகத்தில் செல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், சன்னம் அவ்விடத்தை அடைய 0.4 செக்கன் ஆகும். அதற்குள் எதிரி 60 மீற்றர் அப்பால் போயிருப்பான். அக்காலத்துச் சண்டை விமானத்தின் நீளம் ஏறத்தாழ 9 மீற்றர். ஆகவே சுடுபவர் எதிரியை நோக்காது, அவனது விமானத்தின் நீளத்தைப்போல் ஆறேழு மடங்கு முன்னே, வெறும் ஆகாயத்தைக் குறிவைத்துச் சுடவேண்டும். அதுவும் தாமும் அதே வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கையில். ஹரிக்கேன் போன்ற பிரித்தானியச் சண்டை விமானத்தில் விசையைத் தொடர்ந்து அழுத்தினால் சன்னங்கள் எல்லாம் ஏறத்தாழ 15 செக்கனில் தீர்ந்துவிடும் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இந்தக் கணக்கை மனத்தால் போட்டு முடித்தவர்கள் மிகச் சிலரே. வட ஆபிரிக்காவில் பறந்த ஜேர்மானியரான ஹான்ஸ்-யோவாக்கிம் மார்செய் அவர்களுள் ஒருவர். 1942 செப்ரெம்பர் 1ஆந் திகதி ஒரே நாளில் 17 விமானங்களை வீழ்த்தியதாக அவருக்குக் கணக்கு, மொத்தம் 158. அதே மாதம் 30ஆந் திகதி, எதிரி எவரும் சுடாமலே, இயந்திரக் கோளாற்றினால் விமானத்திலிருந்து குதிக்கையில் வாற்பகுதியில் மோதுண்டு 22 வயதில் இறந்தார். அவருடைய வித்தை வியப்புக்குரியதே. ஆனால் அது அவரோடு வந்து அவரோடு போயிற்று. அவரைப் பார்த்து அவ்வாறு சுடக் கற்றுக்கொண்ட ஓர் அணி உருவாகவில்லை.

மற்றவர்கள் தெரிந்தெடுத்த வழி எளியது: எதிரி காணுமுன் எதிரியைக் காண்பது, பின்னாலிருந்து நெருங்குவது, இனி மோதிவிடுவோம் என்னும் அளவுக்குக் கிட்டப்போன பிறகே சுடுவது. நேர் பின்னால் நின்றால் மேற்சொன்ன கணக்கே வேண்டியதில்லை. ஹார்ட்மனின் முறை இதுதான். ஆனால் இதனை அவர் பிறவியிலேயே கொண்டுவரவில்லை. அவர் முதன்முதல் போருக்குப் பறந்தபோது, தம்மை அழைத்துச் சென்ற எட்மண்ட் ரொஸ்மன் என்னும் மூத்த விமானியின் பின்னால் நிற்கவேண்டியவர், தாமே சுடும் ஆசையில் இடம்விட்டு முன்னே பாய்ந்து, பிறகு அந்த ரொஸ்மனின் விமானத்தையே எதிரியென்று எண்ணி வெருண்டு ஓடி, எரிபொருள் தீர்ந்து தரையில் மோதி இறங்கினார். தண்டனையாக மூன்று நாட்கள் இயந்திரத் திருத்துநர்களோடு வேலைசெய்ய நேர்ந்தது. ரொஸ்மனுக்குக் கையில் பழைய காயம். விமானத்தை முறுக்கித் திருப்பிச் சண்டையிட அவரால் இயலாது. எனவே அவர் தூரத்தில் நின்று நோட்டமிட்டு, தருணம் பார்த்துப் பாய்ந்து, ஒருமுறை சுட்டுவிட்டு விலகிப்போகும் பழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார். ஹார்ட்மன் கற்றது அதனையே. உலகில் எவரும் எட்டாத அந்த எண்ணிக்கையின் அடியில் ஓர் ஊனமுற்ற கை இருக்கிறது. தங்கள் கட்டுரையில் ரொஸ்மனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

முதலாம் மகாயுத்தத்தைப் பற்றிய பகுதியிலும் இதே குறை காணப்படுகிறது. செந்நிற மூவிறக்கை விமானத்தில் பறந்த ஜேர்மானியரான மன்பிரெட் வொன் ரிச்தோபனுக்கு இரண்டு பத்திகள். அவரது ஆசானான ஒஸ்வால்ட் பேல்க்கேக்கு அரைவரி. (ரிச்தோபன் வீழ்த்திய 80 விமானங்களில் மூவிறக்கை விமானத்தில் பறந்து வீழ்த்தியவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பதையும் இடையில் குறித்துவிடுகிறேன், படங்களில் காணும் சிவப்பு நிறம் பலரையும் மயக்கிவிடுகிறது.) பேல்க்கே 1916இல் வகுத்த எட்டு விதிகள் வான்போரை ஒரு பாடமாக்கின. தாக்குமுன் சாதகமான நிலையைப் பிடி, கூடுமானவரை சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தொடங்கிய தாக்குதலை இடைநடுவில் கைவிடாதே. கிட்டத்தில் நின்று, எதிரி குறிக்குள் அடங்கிய பிறகே சுடு. எதிரி உன்மேல் பாய்ந்தால் தப்பி ஓடாமல் அவனை எதிர்கொண்டு திரும்பு. எதிரியின் நிலப்பரப்புக்குள் போனால் திரும்பும் வழியை மறவாதே. ஓர் எதிரியை இருவர் துரத்தாதீர். இவற்றில் துணிச்சலைப் புகழ்ந்து ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குதிரைப் படையிலிருந்து வந்த ரிச்தோபனைத் தம் அணிக்குத் தெரிந்தெடுத்துப் பழக்கியவர் பேல்க்கேயே. 40 வெற்றிகளோடு இருந்த அவர், 1916 ஒக்ரோபர் 28ஆந் திகதி, தம் நண்பர் எர்வின் பேமேயும் தாமும் ஒரே எதிரியைத் துரத்திய வேளையில் இருவரது விமானங்களும் உரசி, வீழ்ந்து இறந்தார். தாம் எழுதிய கடைசி விதியே அவரைக் கொன்றது என்று சொல்லத் தோன்றுகிறது. 1915இல் பிரான்சில் கால்வாயில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுச் சிறுவனை நீரில் குதித்துக் காப்பாற்றியதற்காக உயிர்காத்தோருக்கான பதக்கமும் பெற்றவர் இவர்.

பிரித்தானியத் தரப்பில் எனக்கு மிகவும் பிடித்தவர் எட்வர்ட் மனொக். 1917இல் 40ஆம் இலக்க அணிக்கு வந்த ஆரம்ப வாரங்களில் அவர் எதையும் வீழ்த்தவில்லை. அவதானமாகப் பறந்த அவரைக் கோழை என்று சக விமானிகள் சிலர் முணுமுணுத்தார்கள். அவரோ அந்த நாட்களில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். எப்போதும் எதிரிக்கு மேலே, அரிதாகவே சமமட்டத்தில், ஒருபோதும் கீழே இல்லை என்பது அவர் தம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. புதியவர்களை அழைத்துச் சென்று, எதிரி விமானத்தைத் தாம் முதலில் செயலிழக்கச் செய்து, முடித்துவைக்கும் வாய்ப்பையும் பெயரையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்பர். அவருடைய கணக்கு 61 என்றும் 73 என்றும் இன்றுவரை வாதிடப்படுவதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். அவரிடம் பழகியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் மக்எல்றோய். அவர் 47 வெற்றிகள் பெற்றவர். அந்த மக்எல்றோயின் கீழ் 1918 யூன் மாதம் 40ஆம் அணியில் வந்து சேர்ந்தவரே கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய்.

இந்திரலால் ராயைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர், இந்தியாவின் ஒரே முதலாம் மகாயுத்த ஏஸ் (ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியவர்) என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டார். அவர் 1917 டிசம்பரில் ஏற்பட்ட விபத்தின்பின் இறந்தவரெனக் கருதப்பட்டுப் பிணவறையில் வைக்கப்பட்டவர். தேறியெழுந்து, ஓய்வில் இருந்த காலத்தில் விமானங்களின் படங்களை வரைந்துகொண்டிருந்தார். பின்னர் மீண்டும் பறக்கத் தகுதி பெற்று, 1918 யூலையில் இரு வாரத்துக்குள் 10 வெற்றிகளைப் பெற்றார். முந்திய அணியில் விபத்தைத் தவிர ஒன்றையும் காணாத அதே இளைஞர், மக்எல்றோயின் பிரிவுக்கு வந்ததும் இவ்வாறு மாறினார் என்றால், இடையில் நிகழ்ந்தது என்ன என்று கேட்கவேண்டாமா? யூலை 22இல் சண்டையில் இறந்தபோது அவருக்கு வயது 19. நான்கு நாட்களின்பின், யூலை 26இல், புதியவர் ஒருவருக்கு முதல் வெற்றி தேடிக்கொடுக்கக் கூட்டிச்சென்ற மனொக், வீழ்ந்த எதிரியைப் பின்தொடர்ந்து தாழப் பறந்து, தரையிலிருந்து வந்த சூட்டில் எரிந்து வீழ்ந்தார். தாழப் போகாதே என்று பிறரை ஓயாது எச்சரித்தவரும் அவரே. யூலை 31இல் மக்எல்றோயும் போனார். பத்து நாட்களுக்குள் அந்தப் பாடசாலை முடிந்துவிட்டது. இந்திரலாலுக்கு மருமகன் முறையினரான சுப்ரதோ முகர்ஜி பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் முதலாவது இந்தியத் தளபதியானார் என்பது பலருக்கும் தெரிந்ததே.

யப்பானியரான சபுரோ சகாயைக் கட்டுரையாளர் சிறப்பாகவே எழுதியிருந்தார். 1942 ஓகஸ்ட் 7ஆந் திகதி பசிபிக் தீவான குவாடல்கனால் மீது நடந்த சண்டையில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைச் சண்டை விமானங்களென எண்ணிப் பின்னாலிருந்து நெருங்கி, அவற்றின் பின்புறத் துப்பாக்கிகளுக்கு அகப்பட்டு, தலையில் காயமுற்று, வலக்கண் பார்வை போய், உடலின் இடப்பக்கம் மரத்துப்போன நிலையில், ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் கடலைக் கடந்து தம் தளமான ரபாவுலுக்குத் திரும்பி, தரையிறங்கியதும் மேலதிகாரியிடம் அறிக்கை சொன்ன பிறகே விழுந்த மனிதர் அவர். நான் சேர்க்க விரும்புவது ஒன்றே. தாம் வீழ்த்திய தொகையைக் காட்டிலும், தம்மோடு பறந்த துணை விமானி ஒருவரையும் இழக்கவில்லை என்பதையே சகாய் பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னார். யப்பானிய விமானப் பயிற்சியில் பகல் வெளிச்சத்தில் நட்சத்திரத்தைத் தேடிக் காணும்படி கண்ணைப் பழக்கியதையும் அவர் விவரித்திருக்கிறார். முதலில் கண்டவனே பிழைத்தான் என்னும் உண்மை அங்கும் அவ்வாறே விளங்கியிருக்கிறது.

சோவியத் விமானிகளில் 60க்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்ற இவான் கொசெதுப்பைப் பட்டியல் குறிப்பிட்டது. உயரம், வேகம், திருப்பம், சூடு என்னும் நான்கு சொற்களில் முழு அணிக்கும் வழிகாட்டிய அலெக்ஸாந்தர் பொக்ரிஷ்கினை ஏனோ விட்டுவிட்டது. 21 வயதில் மறைந்த லிடியா லித்வியாக்கையும் சேர்த்திருக்கலாம். அவரது வெற்றிகளின் தொகை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஸ்டாலின்கிராட் வானில் ஆண்களோடு சமமாகப் பறந்த பெண்ணைப் பற்றி நம் பாடசாலைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. 'பொம்பர்' இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய எங்கள் மண்ணில், போர் விமானிகளை மெச்சி எழுதலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆயுதம் தாங்கிய எதிரியோடு ஆகாயத்தில் பொருதியவர்களை, கீழே ஒதுங்க இடமின்றி நின்றவர்கள்மீது குண்டு போட்டவர்களோடு ஒன்றாக எண்ண என்னால் முடியவில்லை. எனினும் அவர்களைத் தேவர்களாக்கும் எழுத்தையும் நான் விரும்பவில்லை. மனொக் தம் எதிரிகளை வெறுத்தவர் என்பதும், தமது விமானம் தீப்பற்றிவிடுமோ என்னும் அச்சத்தில் கைத்துப்பாக்கியோடு பறந்தவர் என்பதும் வரலாறு. அவற்றை மறைக்காமல் எழுதுவதே முறை.

நிறைவாக, நம் நாட்டுக்கே உரிய செய்தி ஒன்று கட்டுரையில் விடுபட்டிருந்தது. எங்கள் பக்கத்து முதியவர்கள் வயது சொல்லும்போது 'யப்பான்காரன் கொழும்பிலை குண்டு போட்ட வருஷம்' என்று குறிப்பிட்டதை என் தலைமுறையினர் கேட்டிருப்பர். பலாலி விமானத்தளமும் அந்த யுத்தகாலத்தில் பிரித்தானியர் அமைத்ததே. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து கட்டலினா என்னும் கண்காணிப்பு விமானத்தில் புறப்பட்ட கனேடியரான லெனார்ட் பேர்ச்சோல், இலங்கைக்குத் தென்கிழக்கே நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் யப்பானியக் கடற்படையைக் கண்டு, செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு வீழ்ந்து, யுத்தம் முடியும்வரை சிறையிலிருந்தார். அமெரிக்கரின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து அக்கடற்படையில் இருந்தன. பேர்ச்சோல் ஒரு விமானத்தையும் வீழ்த்தியவரல்லர். கட்டுரையாளரின் பட்டியலில் அவருக்குப் பூச்சியமே கிடைக்கும்.

மறுநாள் காலை, முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தும், ராடர் காட்டத் தவறியமையால், இரத்மலானையில் நின்ற 30ஆம் அணியின் ஹரிக்கேன்கள் குண்டு விழத்தொடங்கிய பிறகே மேலெழுந்தன. விமானத்தளமென்று யப்பானியர் அறிந்திராத கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் அணி தடையின்றிப் புறப்பட்டது. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் தோற்றுத் தப்பி வந்தவர்களும் அவ்வணியில் இருந்தார்கள். மெதுவான வேகத்தில் யப்பானியரின் சீரோ விமானத்தோடு சுற்றித் திரும்பிச் சண்டையிட்டால் ஹரிக்கேனுக்குத் தப்பிக்க வழியில்லை; மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு அதே வேகத்தில் கீழே போய்விட வேண்டும். அன்று பலருக்கு அந்த உயரம் வாய்க்கவில்லை. திருகோணமலையிலிருந்து கொழும்பை நோக்கி டோப்பிடோக்களைச் சுமந்து வந்த பிரித்தானியரின் 6 சோட்பிஷ் விமானங்கள் ஒன்றுவிடாமல் வீழ்த்தப்பட்டன. ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டபோது ராடர் முன்கூட்டிச் சொன்னதனால் சீனக்குடாவின் 261ஆம் அணி உயரத்தைப் பிடித்து நின்றது. அன்றும் இழப்பு சிறிதன்று. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் தன்மேல் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மூழ்கியதும் அதே நாளிலேதான்.

தாக்குமுன் சாதகமான நிலையைப் பிடி என்று பேல்க்கே 1916இல் எழுதியது இந்த இரு நாட்களில் நம் தலைக்கு மேலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அடுத்த ஞாயிறு பதிப்புகளில் ஒன்றில், 1942 ஏப்ரலில் இலங்கை வானில் பறந்த இருதரப்பு விமானிகளையும் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். எழுத முன்வருபவர் திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தையும் ஒருமுறை சென்று பார்ப்பது நன்று. பட்டியலை மறுபடியும் அச்சிடும் எண்ணம் இருப்பின், ஹார்ட்மனின் பெயருக்கருகே ரொஸ்மனையும், இந்திரலால் ராயின் பெயருக்கருகே மக்எல்றோய், மனொக் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளும்படி கட்டுரையாளரிடம் தெரிவிப்பீர்களென நம்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.